ஆல்வின் வீட்டு மாடிப்படி

நான் இருக்கும் இந்த அமெரிக்க ஊரில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. பக்கத்து மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பிரையன் தன் விவாகரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், மூலத்துக்கு வைத்தியம் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான், சம்பளத்தை மட்டும் சொன்னதில்லை. நான் வந்த புதிதில் ஒருமுறை சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அதே பிரையன், அதே ஊர், ஜூன் மாதக் கடைசி வந்துவிட்டால் ஆளே மாறிவிடுகிறான். லிஃப்டில், கழிவறை வாசலில், காய்கறிக் கடையில் பில் போடும் இடத்தில், எங்கே பார்த்தாலும் ஜனங்கள் ஏதோ ஒரு பாஸ்கெட்பால் வீரரின் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இவருக்கு இவ்வளவு தகும், அவருக்கு அதில் பாதிகூடத் தகாது என்று கூசாமல் விலை சொல்கிறார்கள். என் வெண்டைக்காயை எடை போட்டபடியே ஒரு அம்மாள் இரண்டு வீரர்களின் மதிப்பைச் சரிபாதியாகக் குறைத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் பழக்கமானது இதற்கு நேர் எதிர். பூந்தமல்லியில் பேருந்து ஏறி உட்கார்ந்தால், குமணன்சாவடியில் ஏறுகிற அம்மா கரையான்சாவடி வருவதற்குள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிடுவார். “எங்கம்மா வேல? கைக்கு எவ்ளோ வருது? ஊடு சொந்தமா, வாடகையா? கல்யாணம் ஆய்டுச்சா?” பதில் சொல்லாவிட்டால்தான் தப்பு. “இன்னா, சொல்லக் கூடாதா? நாங்க இன்னா பிடுங்கிக்கினா போப்போறோம்” என்று கோபித்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், நான் இங்கே செய்யும் வேலையே விலை சொல்கிற வேலைதான். ஒரு தொழில்முறை பாஸ்கெட்பால் அணியின் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். அணியின் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும், அதனால் ஊரின் பெயரும் வேண்டாம். ஃப்ரீ ஏஜென்சி என்று ஒன்று இருக்கிறது. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, பிடித்த அணியோடு விலை பேசிச் சேரலாம். கிரிக்கெட்காரர்களை ஏலம் விடுவதை டிவியில் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதுசு. ஏலத்தில் போகிற ஆள் வாயைத் திறக்க முடியாது. இங்கே ஆளே தன் விலையைப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு முன்னால், இன்னார் எவ்வளவு பெறுவார் என்று எங்கள் அறையில் நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுப்போம். ஒருவர் எத்தனை கூடை போட்டார் என்பது சின்ன விஷயம். அவர் களத்தில் இருக்கும்போது மற்ற நால்வரும் எப்படி ஆடுகிறார்கள், அவர் உட்கார்ந்ததும் எப்படி ஆடுகிறார்கள், வயது ஏற ஏற இந்த மாதிரி உடம்பு எவ்வளவு சீக்கிரம் சரியும், அவருக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் எவ்வளவு குறையும், இதையெல்லாம் கணக்குப் போட வேண்டும். அந்தச் சும்மா கிடைக்கிற ஆளுக்கு எங்கள் தொழிலில் தனி மரியாதை உண்டு. பெரிய பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் அவர் பக்கத்தில் நிறுத்தித்தான் அளக்கிறோம்.

போன ஜூனில் எனக்கு வந்த பெயர் ஆல்வின். இது நான் வைத்த பெயர். வயது முப்பத்து நான்கு, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர், தூரத்து ஊர் அணி ஒன்றில் மாற்று ஆளாகப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடுகிறவர். ஆனால் மனைவிக்கு இதுதான் சொந்த ஊர். வீடு இங்கேதான், குழந்தைகள் படிப்பதும் இங்கேதான். இந்த ஊரிலேயே ஆடி முடிக்க ஆசை என்று உள்ளூர் செய்தித்தாளில் பேட்டி கொடுத்திருந்தார். இந்த வயதில், இந்த முழங்காலோடு, இந்த நாட்டில் வேறு யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. வெளிநாட்டு அணி ஒன்று மட்டும் நல்ல சம்பளத்தோடு காத்திருந்தது. நாங்கள் எடுத்தால் மனிதர் வீட்டோடு இருப்பார், எடுக்காவிட்டால் குடும்பத்தோடு கடல் தாண்ட வேண்டும். கடல் தாண்டுவது என்றால் என்னவென்று அந்த அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான், அந்தக் கணக்கும் என்னிடமே வந்து சேர்ந்தது.

கணக்கு எனக்குப் பிடிகொடுக்கவில்லை. அவர் களத்தில் இருந்தால் சின்னப் பையன்கள் தப்பு குறைவாகச் செய்கிறார்கள், அதற்கு நல்ல விலை தரலாம். முழங்கால் தாங்காது என்று வைத்துக்கொண்டால் சும்மா கிடைக்கிற ஆளே தேவலை. பூந்தமல்லியில் இருக்கும் என் அக்கா ஃபாத்திமாவிடம் போனில் புலம்பினேன். அவளுக்கு பாஸ்கெட்பால் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எதைப் பற்றியும் கருத்து உண்டு.

“முப்பத்தி நாலு வயசு, முட்டில ஆபரேசன். எந்த ஊட்ல பொண்ணு குடுப்பான்?” என்றாள்.

“பொண்ணு குடுக்கலக்கா. வேலைக்கு எடுக்கறாங்க.”

“எல்லாம் ஒண்ணுதான். போட்டோவப் பாத்துகினு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டா ஆச்சா? அவன் தெருவுல போய் விசாரிச்சியா?”

விசாரிப்பது என்றால் என்னவென்று அவள் கல்யாணத்தின்போது எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வீடு அம்பத்தூர், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பக்கம். எங்களைப் பெற்ற அத்தாவும் எங்கள் மாமாவும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். நேராகப் போய் மாப்பிள்ளை எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தோம் என்பார்கள். பிறகு தண்ணீர் வருமா, தெரு எப்படி, அந்தப் பச்சை கேட் வீட்டில் யார் இருக்கிறார்கள், பையன் என்ன செய்கிறான் என்று வளைத்து வளைத்து வருவார்கள். அத்தா முதல் வரியைச் சொன்னதுமே டீக்கடைக்காரர் சிரித்துவிட்டாராம். “மாப்பிள்ள விசாரிக்க வந்தீங்களா பாய்? மாசத்துக்கு ரெண்டு குடும்பம் ஊடு பாக்க வராங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் குடி வந்ததில்ல.” அதற்காக யாரும் அந்தப் பொய்யைக் கைவிடவும் இல்லை. டீக்கடைக்காரரே பழக்கம் விட்டுப்போகாமல் ஒரு காலி வீட்டைக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாராம். கடைசியில் கறிக்கடைக்காரர் சொன்ன ஒரே வார்த்தையில் சம்பந்தம் முடிந்தது. “அம்மாவ பின்னாடி உக்கார வச்சா வண்டிய மெதுவா ஓட்டுவான்.” கறிக்கடைக்காரர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்பது கல்யாணத்தன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. என் மச்சான் இன்றுவரை வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார், அக்கா எந்த விசேஷத்துக்கும் சாப்பாட்டு நேரம் முடிந்துதான் வந்து சேருகிறாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆல்வினின் தெருவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அக்கா சொன்னாள், போனேன், அவ்வளவுதான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் விசாரிக்க ஆளே இல்லை. டீக்கடை இல்லை, இஸ்திரி வண்டி இல்லை, ஆட்டோ ஸ்டாண்டு இல்லை. இரண்டு பக்கமும் புல்தரையும் பூட்டிய கதவுகளும்தான். எப்படித்தான் இவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கடைசியில் வயதான ஒரு அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

“பக்கத்து வீட்டில் ஆல்வின் என்று ஒருவர் இருக்கிறாரே, எப்படி ஆள்?” என்று கேட்டேன்.

தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். “ரொம்ப நல்லவர். கல்யாணமானவர்.”

“தெரியும். சந்தோஷம்.”

“இரண்டு பெண் குழந்தைகள்.”

“அவருக்குக் கோபம் வருமா? இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுப்பாரா?”

அந்த அம்மாள் என்னை நெருங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இங்கே பாரம்மா, உனக்கு இவரைவிட நல்லவர் கிடைப்பார். வீட்டுக்குப் போ.” சொல்லிவிட்டு, என் நல்லதுக்கென்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து வீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். “டெனிஸ், இங்கே ஒரு பெண் உன் புருஷனைப் பற்றிக் கேட்கிறாள்.”

டெனிஸுக்கு முன்னால் ஆல்வினே வந்துவிட்டார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் தொழிலில் டாம்பரிங் என்று ஒரு குற்றம் உண்டு. குறித்த நாள் வருவதற்கு முன்னால் இன்னொரு அணியின் வீரரிடம் நேரிலோ ஆள் வைத்தோ பேசினால் அணிக்கு அபராதம் விழும், பேசின ஆளுக்கு வேலை போகும். அந்த நாள் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் பேசவில்லை, எங்கள் பரம்பரை பேசியது.

“வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன்.”

ஆல்வின் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “யார் சொன்னார்கள் உங்களுக்கு? நாங்கள் இன்னும் விளம்பரமே கொடுக்கவில்லையே.”

அம்பத்தூர்த் தெருவில் எத்தனையோ குடும்பங்கள் சொன்ன அந்தப் பொய், முதல்முதலாக நிஜமாகவே காலியாகப்போகிற ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றுவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டுப் போய்ச் சுற்றிக் காட்டினார்கள். நானும் வேறு வழியில்லாமல் எங்கள் ஊர்க்காரியாகவே நடந்துகொண்டேன். குழாயைத் திறந்து பார்த்தேன். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். மழைக்கு ஒழுகுமா என்று கேட்டேன். மேல்மாடிக்குப் போகிற படி கிணற்றுப்படி மாதிரி செங்குத்து. ஆல்வின் அதில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மேலே அறை பூட்டியிருந்தது, சாவி கீழே, இறங்கி ஓடினார். கொண்டுவந்தது வேறு சாவி, மறுபடியும் இறங்கினார். மூன்றாம் முறை சின்ன மகள் அவர் தோளில் ஏறிக்கொண்டாள், அவளையும் சுமந்துகொண்டு மூச்சு வாங்காமல் மேலே வந்தார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

“ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்,” என்றாள் டெனிஸ். “அவருக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தால் வீடு காலியாகாது. கிடைக்காவிட்டால் நாங்கள் எல்லாரும் வெளிநாடு போகிறோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்வீர்களா?”

பெரிய மகளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். தன் அறை வாசலை மறித்து நின்றுகொண்டு, “நீங்கள் வந்தால் என் சுவரின் நிறத்தை மாற்றுவீர்களா?” என்று கேட்டாள். மாற்ற மாட்டேன் என்றேன். அவளுக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள், பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள்கிழமை காலையில் என் மேலாளர் கேரனிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். கேரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு அணியின் வக்கீலை வரச் சொன்னாள். வக்கீல் மெலிந்த மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“நீங்கள் யார் என்று அவரிடம் சொன்னீர்களா?”

“இல்லை.”

“பாஸ்கெட்பால் பற்றிப் பேசினீர்களா?”

“இல்லை. குழாயில் தண்ணீர் எப்படி வரும் என்று பேசினோம்.”

“ஒருவரை வேலைக்கு எடுக்க அவர் தெருவில் போய் எதற்கு விசாரிக்க வேண்டும்?”

“எங்கள் ஊரில் விசாரிக்காமல் ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டோம்.”

வக்கீல் விதிப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். தண்ணீர்க் குழாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. குற்றம் என்று சொல்ல முடியாது, சுத்தம் என்றும் சொல்ல முடியாது என்றார். பேச்சு தொடங்கும் நாள் வரும்வரை நான் ஆல்வின் பெயரை உச்சரிக்கவே கூடாது என்று தீர்ப்பானது. அவர் கணக்கு பிரையனிடம் போயிற்று.

குறித்த நாள் வந்தது, ஆல்வினின் ஏஜெண்டும் பேசினார். மறுநாள் கூட்டத்தில் கேரன் அந்த நிபந்தனைகளைப் படித்தாள். வெளிநாட்டு அணி தருவதில் ஒரு பங்குதான் கேட்டிருந்தார், இங்கே ஒரு வீரருக்குக் கொடுத்தே தீர வேண்டிய அடிமட்டச் சம்பளம். அதோடு ஒரே ஒரு விண்ணப்பம். காலைப் பயிற்சி இல்லாத நாட்களில் குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார், அதற்கு யாரும் குறை சொல்லக் கூடாது. படித்து முடித்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் பார்த்த பார்வை இல்லை.

“இவ்வளவு மலிவாக ஏன் வருகிறார்? அந்த முழங்கால் போய்விட்டதுதான் காரணம். என் கணக்கும் அதையே சொல்கிறது, விட்டுவிடலாம்,” என்றான் பிரையன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தச் சந்தேகத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போது மதிப்புப் போடப்பட்ட சரக்கு நான். ஆவடியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் பையன்களைவிட உயரம். எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் கெஸ்ட் பிளேயர் என்று ஒரு வழக்கம் உண்டு, ஆள் குறைகிற அணி வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஆட வைக்கும். பக்கத்து ஊரான பாடியில் ஒரு கிளப் எனக்குப் புது ஷூவும் டிராக் சூட்டும் தருவதாகச் சொன்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியின் பெண்கள் அணிக்கும் நான் தேவைப்பட்டேன். அதன் மேனேஜர், பூந்தமல்லி கடைத்தெருவில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கே வந்து, தரக்கூடியதையெல்லாம் அடுக்கினார். அத்தா கைலிகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஆட்டம் முடிஞ்சா புள்ளைய ஊட்ல கொண்டாந்து விட்ருவீங்களா?”

“நம்ம ஸ்டாஃப் வேன் பூந்தமல்லி வழியாத்தான் பாய் போவுது.”

“அப்ப சரி. ஷூவெல்லாம் நானே வாங்கிக் குடுத்துக்கிறேன்.”

மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. ஒன்றும் கேட்காத வீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவுகட்டி, மறுநாள் என் பள்ளிக்கு வந்து, பெண்ணுக்குக் கால்ல ஏதாச்சும் இருக்குதா என்று கோச்சிடம் கேட்டு, என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினார். அந்த வருடம் முழுக்க ஆட்டம் முடிந்ததும் வேன் என்னைக் கடை வாசலில் இறக்கிவிடும். டிரைவர் உடனே கிளம்ப மாட்டார். அத்தா உள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார், வந்துவிட்டாள், நீ போகலாம் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு வாய் நமநமத்தது. ஒரு மனிதர் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார், அது இவர்கள் கணக்கில் நோயாகத் தெரிகிறதே என்று கோபம் கோபமாக வந்தது. வக்கீல் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“வாடகைக்கு வீடு பார்க்கப் போனவள் என்ற முறையில், ஒரு மாடிப்படியைப் பற்றி நான் பேசலாமா?”

அவர் யோசித்தார். “நாள் வந்துவிட்டது. பேசலாம். பாஸ்கெட்பால் வேண்டாம், மாடிப்படி மட்டும்.”

“அந்த வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து. எனக்கு ஒரு தடவை ஏறியதற்கே முட்டி வலித்தது. வீட்டுக்காரர் சாவியை மறந்து மறந்து மூன்று தடவை ஏறி இறங்கினார். இரண்டிரண்டு படியாக. கடைசித் தடவை தோளில் ஒரு குழந்தை இருந்தது.”

பிரையன் தன் கணினித் திரையைப் பார்த்தான், அதில் மாடிப்படிக்கு இடம் இல்லை. “எந்தக் குழந்தை?” என்று கேட்டாள் கேரன். சின்னவள், நல்ல கனம் என்றேன். “டாக்டரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்,” என்று எழுந்துவிட்டாள். டாக்டர் பார்த்தார், கால் நன்றாக இருந்தது, ஆல்வின் கையெழுத்துப் போட்டார். வக்கீல் என்னைக் கடந்து போகும்போது, நல்ல வீடுதான் போலிருக்கிறது என்றார். அவர் சிரித்ததாக நான் சாட்சி சொல்ல முடியாது. அக்காவிடம் சொன்னபோது, “நாந்தான் சொன்னேன்ல” என்றாள், அந்த அணியே தன்னால்தான் ஓடுகிறது என்று இப்போது தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபரில் பயிற்சி தொடங்கியபோது ஆல்வின் என்னை அலுவலகத்து நடையில் பார்த்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியும் பயனில்லை, அவர் உயரத்துக்கு எல்லாம் தெரியும்.

“நீங்கள் வீடு பார்க்க வந்தவர் அல்லவா? மன்னிக்கணும், வீடு காலியாகவில்லை.” அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கண்ணில் சிரிப்பு இருந்தது. “பெரியவள் உங்களிடம் சொல்லச் சொன்னாள். சுவர் அப்படியே இருக்கிறதாம்.”

அன்று சாயங்காலம் என் கார் பழுது பார்க்கப் போயிருந்தது, வெளியே மழை. பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பிய என்னை அவர் நிறுத்தினார். “ஏறுங்கள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்,” என்றார். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் சொல்லாத வாக்கியம். உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். வண்டியின் வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு, வீடு எங்கே என்று கேட்டார்.

“பூந்தமல்லி,” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

எழுத்துக்கூட்டிக் கேட்டு அடித்தார். திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, வழி கிடைக்கவில்லை என்றது. அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தைச் சின்னதாக்கி, சின்னதாக்கி, நடுவில் கிடக்கிற நீலத்தை எல்லாம் பார்த்தார்.

“கடல் வரைக்கும் கொண்டுவிடலாம். அதற்கு மேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்,” என்றார்.

என் அபார்ட்மெண்ட் முகவரியைச் சொன்னேன். வழியெல்லாம் மகள்களின் பள்ளியைப் பற்றியே பேசினார். நான் இறங்கி, நன்றி சொல்லி, மூன்றாவது மாடிக்குப் போய், கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் வண்டி இன்னும் கீழேயே நின்றுகொண்டிருந்தது. மழையில் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. எதற்காக நிற்கிறார் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. அறைக்குள் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. நானே ஜன்னலோரம் வந்து நின்று, அத்தாவைப் போலக் கையைத் தூக்கிக் காட்டினேன். வண்டி நகர்ந்தது.